கடுகு நிறக் கார்டுராய் பேன்ட்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஒரு பேன்ட்டுக்கு இஸ்திரி போட்டது. அது அவர்கள் வீட்டு பேன்ட் இல்லை.

கடுகு நிறக் கார்டுராய். ஆப்ரி திர்க்கெட்டிலுடையது. டன்னிங்ஃபோர்டு என்ற அந்த ஆங்கிலேயக் கிராமத்தில் அந்த நிறத்தில் பேன்ட் போட்டுக்கொண்டு யாருடைய கேலிக்கும் ஆளாகாமல் நடக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். வெர்லின் ஹாகன் அதை உள்பக்கமாகத் திருப்பிப் பலகையில் விரித்திருந்தார். மகள் பிரிட்டா ஒரு காலை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"துவைச்சுக் கொடுத்தா போதாதா? இஸ்திரி வேறயா?"

"இரவல் வாங்கினது வந்ததைவிட நல்லாத் திரும்பிப் போகணும். நீ காலை இழுத்துப் பிடி."

"அந்த ஆளு பேன்ட்டை நான் சுருட்டி அவர் வாசல்ல எறிஞ்சிட்டு வரேன்."

"கொடுத்தது அவர் இல்ல, அவர் பொண்டாட்டி ஹிலரி. நான் நனைஞ்சு நடுங்கிட்டு நிக்கறேன், மத்தவங்க சிரிச்சிட்டு நிக்கறாங்க. அவதான் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துட்டு வந்தா." பேசி முடிக்குமுன் இருமல் வந்தது. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இருமினார். பிறகு தொடர்ந்தார். "வியாழக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன். அவகிட்ட சொல்லியும் வச்சிட்டேன்."

மடித்துக் காகிதப் பையில் போட்டுக் காரின் டிக்கியில் வைத்தார். புதன்கிழமை காலை ஆம்புலன்ஸ் வந்தது. அதன்பின் அவர் வீடு திரும்பவில்லை.

நிமோனியா என்றார் மருத்துவர். இதயமும் பழையது, வயதும் ஆகிவிட்டது என்றார். பிரிட்டா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, படுக்கையருகே இருந்த கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதிரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரு கருவி நின்றுபோனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தைத் தேடாமல் 'தேய்மானம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. அப்பாவின் மரணத்துக்கும் காரணம் இருந்தது. அது ஓர் ஓடை. ஓடைக்குப் பின்னால் ஒரு மனிதர்.

வெர்லின் மினசோட்டாவில் பிறந்தவர். அமெரிக்க விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக். டன்னிங்ஃபோர்டுக்குப் பக்கத்துத் தளத்துக்கு மாற்றலாகி வந்தபோது பிரிட்டா கைக்குழந்தை. சில வருடங்களில் மனைவி போய்ச் சேர்ந்தாள். ஓய்வு பெற்றதும் கூட வேலை பார்த்தவர்கள் வெயிலைத் தேடி ஃப்ளோரிடாவுக்குப் போனார்கள். இவர் போகவில்லை.

"எங்க ஊர்ல ரொம்பப் பழைய கட்டடம் ரயில்வே ஸ்டேஷன். அதைவிட எங்க தாத்தாவுக்கு வயசு அதிகம்," என்பார். "இங்க சர்ச்சுக் கதவைப் பாரு. கொலம்பஸ் கப்பல் ஏறும்போதே இந்தக் கதவு கிரீச்சுன்னு சத்தம் போட்டிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ளாஸ்கில் காபி, சீஸ் வைத்த ரொட்டி, ஏதாவது ஓர் இடிந்த மடாலயம். கூட லொரெட்டா பிக்கன்ஸ் வருவாள். ஜார்ஜியாக்காரி. தளத்தின் தபால் அலுவலகத்தில் இருந்துவிட்டு, அவளும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவள். அவர் ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்ப்பார். "சுவத்துக்கு ஜுரமா வெர்லின்?" என்று லொரெட்டா கேட்பாள்.

பார்த்ததோடு விடவில்லை. ஊர்க்காரர்கள் பொழுதுபோக்காகச் செய்கிற எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு. சர்ச்சு மணி அடிக்கப் போனார். கயிறு அவரையும் சேர்த்து மேலே தூக்கியது. புல்வெளியில் பந்து உருட்டும் கிளப்பில் சேர்ந்தார். அவர் உருட்டிய முதல் பந்து வேலியைத் தாண்டிப் போய்ப் போதகரின் நாயை எழுப்பியது. அதற்குப் பிறகு புல்லுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். அதையும் பதவி உயர்வு மாதிரி வாங்கிக்கொண்டார். பப்பில் வினாடி வினா நடக்கும்போது அமெரிக்காவைப் பற்றிய கேள்வி வந்தால் மட்டும் எல்லா மேசையும் அவர் பக்கம் திரும்பும். மற்ற நேரத்தில் திரும்பாது.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் ஆசைப்பட்டது எல்லை சுற்றலுக்கு.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. போதகர் முன்னால் போக, ஊரே வில்லோ குச்சியோடு ஊரின் எல்லையை நடந்து சுற்றும். எல்லைக்கல் ஒவ்வொன்றையும் குச்சியால் அடிக்கும். யாராவது ஒருவரைத் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, பின்புறத்தைக் கல்லில் மூன்று முறை இடிக்கும். இடி வாங்கியவனுக்குக் கல் எங்கே இருக்கிறது என்பது ஆயுசுக்கும் மறக்காது. வரைபடம் இல்லாத காலத்து ஏற்பாடு. இடி வாங்கியவர் அன்றைக்கு பப்பில் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வெர்லின் வருடா வருடம் கேட்டார். யாரை இடிப்பது என்று முடிவு செய்வது எல்லைக் குழுத் தலைவரான ஆப்ரி திர்க்கெட்டில். அவர் வருடா வருடம் ஒரே பதில் சொன்னார்.

"அதெல்லாம் ஊர்க்காரங்களுக்கு, வெர்லின். நீங்க எங்க விருந்தாளி. விருந்தாளியை இடிக்கலாமா?"

லண்டனிலிருந்து வந்து இரண்டு வருடமே ஆன பல் மருத்துவரை இடித்தார்கள். இவர் முப்பது வருடத்துக்கு மேல் விருந்தாளியாகவே இருந்தார்.

அவர் இறந்த அந்த மே மாதம், சுற்றலின்போது ஓடைக்கரையில் ஆப்ரி நின்றார். எல்லைக்கோடு ஓடைக்கு உள்ளே போகிறது. சற்றுத் தள்ளி மரப்பாலம் உண்டு. ஊர் பாலத்தில் போகும், ஊருக்காக ஒருவர் மட்டும் தண்ணீரில் இறங்கிக் கடப்பார். கோட்டை விட்டு விலகக் கூடாது என்பது விதி. வழக்கமாக இறங்கும் வாலிபன் அன்று வரவில்லை.

"வெர்லின், நீங்க எறங்குறீங்களா? எறங்கினா அடுத்த வருஷம் உங்களை இடிக்கறோம். தலைவர் வாக்கு."

"பாலத்துல போனா என்ன?" என்று பிரிட்டா கேட்டாள்.

"கோடுன்னா கோடுதான்மா. குறுக்கே எது இருந்தாலும் அது வழியாத்தான் போகணும்."

அப்பா அதற்குள் இறங்கிவிட்டிருந்தார். நடு ஓடையில் பாசி வழுக்கியது. கழுத்துவரை போய் எழுந்தார். தொப்பி மிதந்து போனது.

"அமெரிக்காக்காரங்க எந்த உலகப் போருக்கும் லேட்டாத்தான் வருவாங்க," என்று ஆப்ரி கரையிலிருந்து உரக்கச் சொன்னார். "ஆனா வந்து சேர்ந்துடுவாங்க!"

ஊர் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், பல் கிட்டிக்கொண்டு, நீலம் பாரித்த உதட்டோடு. பிரிட்டாவால் மன்னிக்க முடியாமல் போனது ஊரின் சிரிப்பைக்கூட இல்லை, அப்பா சிரித்ததைத்தான். கணுக்காலுக்கு மேலே நின்ற கடுகு நிற பேன்ட்டில் மீதி எல்லையையும் அவர் நடந்து முடித்தார். அடுத்த வருடம் தன்னை எந்தக் கல்லில் இடிப்பார்கள் என்று வழியெல்லாம் லொரெட்டாவிடம் கேட்டுக்கொண்டே போனார்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். ஆப்ரி கறுப்பு உடையில் வந்து பிரிட்டாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா மாதிரி ஒரு விருந்தாளி எங்களுக்கு இனிமே கிடைக்க மாட்டார்மா."

அப்பாவின் பெட்டிமேல் போட்ட மண் இன்னும் அவள் விரலில் ஒட்டியிருந்தது. இந்த ஊர் மண். அதற்குள் போன பிறகும் விருந்தாளி. அந்த ஒரு சொல்லை இந்த மனிதர் தன் வாயாலேயே, ஊர் கேட்கத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கையை உருவிக்கொண்டபோதே அவள் அதை முடிவு செய்துவிட்டாள்.

எப்படி என்று தெரியாமல் கோடையும் இலையுதிர் காலமும் போயின. நவம்பரில் ஒரு நாள் பப்பில் லொரெட்டாவோடு மதியச் சாப்பாடு. மேசைக்கு மேலே அந்தப் பழைய புகைப்படம். ஆப்ரியே சட்டம் போட்டு மாட்டியது. அவருடைய தாத்தா மீசையை முறுக்கிக்கொண்டு, ஏழாம் எல்லைக்கல்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஒரு பேரி மரம், இரண்டாகப் பிளந்த அடிமரத்தோடு. ஊரில் எல்லோரும் அந்த மீசையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். யாரும் காலைப் பார்த்ததில்லை.

பிரிட்டா பார்த்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"லொரெட்டா, ஏழாம் கல்லு இப்ப எங்க இருக்கு?"

"ஆப்ரி வீட்டு கேட்டுப் பக்கத்துல. பூச்சட்டி நடுவுல, ஜம்முன்னு."

"இந்தப் பேரி மரம்?"

லொரெட்டா மெல்லுவதை நிறுத்தினாள். "கண்ணு, அது அவங்க வீட்டுக்குப் பின்னாலதானே இருக்கு. கண்ணாடி ரூமை ஒட்டி."

"அப்ப கல்லு நடந்து வந்துச்சா?"

"பொக்லைன்ல வந்துச்சு. எதிர்த்த வீட்டுல இருந்துட்டு எனக்குத் தெரியாதா? கண்ணாடி ரூம் கட்டறப்போ கல்லு நடுவுல வந்து நின்னுச்சு. முட்டைக்கோஸைப் பிடுங்கற மாதிரிப் பிடுங்கி, வாசல்ல கொண்டாந்து வச்சிட்டாங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நான்தான் சொன்னேன். 'ஹிலரிக்கு அந்த ரூம்னா உசுரு, விட்டுடு லொரெட்டா'ன்னு சொல்லிட்டார்."

அப்பா விட்டுவிட்டார். பிரிட்டா விடுவதாக இல்லை. சுற்றல் முடிந்ததும் ஆப்ரி அந்தக் கண்ணாடி அறையில்தான் குழுவினருக்கு விருந்து வைப்பார். வெள்ளைக் கம்பளம், வெள்ளை மேசை விரிப்பு. அப்பாவை ஒரு வருடம்கூட அங்கே கூப்பிட்டதில்லை. கல் பழைய இடத்தில் இருந்தால் கோடு அந்த அறைக்குள்ளே போகும். குறுக்கே எது இருந்தாலும் அது வழியாகத்தான் போக வேண்டும்.

குளிர்காலம் முழுக்க அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே கருவிகளைப் பிரித்துப் பூட்டினாள். அவள் வேலை அந்த வருடம் மிகவும் சுத்தமாக இருந்தது.

மே வந்தது. சுற்றலுக்கு முந்தைய வாரம் முழுக்க மழை. மழைக்கு அவள் மனதார நன்றி சொன்னாள்.

ஞாயிறு காலை பப் முதலாளியிடம் கேட்டுப் புகைப்படத்தை வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அப்பாவின் பழைய காரை ஆப்ரி வீட்டெதிரே, லொரெட்டாவின் வாசலில் நிறுத்தினாள். டிக்கியில் பை அப்படியே இருந்தது. எல்லாம் முடிந்ததும் அந்த பேன்ட்டை விருந்து மேசைமேல் வீசிவிட்டு வர வேண்டும் என்பது திட்டத்தின் கடைசிப் பகுதி.

ஊர் சேற்றில் நடந்தது. உழுத வயல், மாட்டுப் பட்டி, சாணக் குட்டை. ஓடையில் அந்த வாலிபன் இறங்கினான். வாடகைக்கு எடுத்த ரப்பர் உடுப்பு போட்டிருந்தான். ஆப்ரிதான் ஏற்பாடு செய்திருந்தார். பிரிட்டா அதைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஏழாம் கல். ஆப்ரி பூச்சட்டிகளுக்கு நடுவே குச்சியை ஓங்கினார்.

"மிஸ்டர் திர்க்கெட்டில், அது கல்லு. ஆனா இடம் இது இல்ல."

ஓங்கிய கை நின்றது. பிரிட்டா புகைப்படத்தை வெளியே எடுத்துப் போதகர் மொய்ராவிடம் கொடுத்தாள். போதகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"உங்க தாத்தா, ஆப்ரி."

"ஆமா. அதுக்கென்ன?"

"தாத்தாவுக்குப் பின்னால பேரி மரம். இங்க பேரி மரத்தையே காணோமே."

ஊர் கூடி எட்டிப் பார்த்தது. அத்தனை தலையும் படத்திலிருந்து கேட்டுக்கும், கேட்டிலிருந்து கூரைக்கு மேலே தெரிந்த பேரி மர உச்சிக்கும் போய் வந்தது. யாரோ ஒருவர் மெதுவாக விசிலடித்தார்.

"அது... கட்டட வேலைல கொஞ்சம் நகர்த்த வேண்டியதாப் போச்சு," என்றார் ஆப்ரி. அவர் கழுத்து சிவந்திருந்தது. "அதுக்குன்னு இப்ப..."

"கோடுன்னா கோடுதான்," என்றாள் பிரிட்டா. "குறுக்கே எது இருந்தாலும் அது வழியாத்தான் போகணும். எங்கப்பாகிட்ட சொன்னீங்க. ஓடைக்கரையில. இவங்க எல்லாரும் கேட்டாங்க."

ஆப்ரி போதகரைப் பார்த்தார். போதகர் வானத்தைப் பார்த்தார்.

"விதி விதிதானே, ஆப்ரி," என்றார் போதகர்.

ஊருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. விதி என்றால் அவர்களுக்கு உயிர். அதுவும் அடுத்தவர் வீட்டுக் கம்பளத்தின்மேல் நடக்கச் சொல்லும் விதி.

கோடு வாசல் வழியாகப் போகவில்லை. கண்ணாடி அறையின் பக்கவாட்டு ஜன்னலில் போய் முட்டியது. உள்ளே ஹிலரி சால்மன் மீன் தட்டோடு நின்றவள், சேற்று பூட்ஸ் போட்ட ஊரே ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்ப்பதைப் பார்த்தாள். தட்டை இறக்கி வைத்தாள். ஒன்றும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

தலைவர்தான் முதலில் போக வேண்டும். ஆப்ரி ஒரு காலை உள்ளே போட்டார். இடுப்பு சட்டத்தில் சிக்கிக்கொண்டது. அன்றைக்கும் கடுகு நிறத்தில்தான் போட்டிருந்தார், வேறொன்று. அதன் பின்புறம் மட்டும் வெளியே நின்றது.

"கவலைப்படாதீங்க," என்று லொரெட்டா தெரு கேட்கச் சொன்னாள். "லேட்டானாலும் வந்து சேர்ந்துடுவாரு!"

ஊர் சிரித்தது. போன வருடம் சிரித்த அதே வாய்கள். இருவர் பின்னாலிருந்து தள்ள, அவர் உள்ளே விழுந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஏறிக் குதித்தார்கள். வெள்ளைக் கம்பளம் வயலாயிற்று. பிரிட்டா கடைசியாக இறங்கினாள். மேசைக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே அழுத்தி ஒரு கால் வைத்தாள். வருடம் முழுக்க அவளுக்கு இத்தனை நிம்மதியான ஒரு நிமிடம் இருந்ததில்லை.

போதகர் படத்தைப் பிடித்துக்கொண்டு பேரி மரத்தைப் பார்த்து இடம் குறித்தார். மேசையின் தலைப்பக்கத்தில், ஆப்ரி உட்காரும் நாற்காலிக்கு நேர் கீழே.

"இங்கதான் இருந்திருக்கு. சரி, யாரை இடிக்கறது?"

இதற்காகத்தான் பிரிட்டா காத்திருந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து பல் மருத்துவர் குரல் கொடுத்தார்.

"இடிக்கறது எதுக்கு? கல்லு எங்க இருக்குன்னு மறக்காம இருக்க. இந்த ஊர்ல அதை மறந்தது யாரு?"

ஆரவாரம் எழுந்தது. நாலு பேர் பாய்ந்து ஆப்ரியைத் தூக்கினார்கள். ஒன்று. ஊர் எண்ணியது. இரண்டு. கம்பளத்தில் சேறு தெறித்தது. மூன்று. ஆப்ரி முதலில் திமிறினார். மூன்றாவது இடியில் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இன்னிக்கு ஆப்ரி பப்புல காசு கொடுக்க வேண்டாம்!" என்று யாரோ கத்தினார்கள். முதுகில் தட்டினார்கள். திர்க்கெட்டிலை அந்த ஊர் அதற்குமுன் இவ்வளவு நேசித்ததில்லை.

பிரிட்டா சுவரோடு நின்றாள். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் கேட்ட இடியை, அவள் வருடம் முழுக்கத் திட்டம் போட்டுக் கொண்டுபோய் இந்த மனிதருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர்முன் நின்றாள். அவர் இன்னும் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த வருஷம் எங்கப்பாவை இடிக்கறதா வாக்கு கொடுத்தீங்க."

சிரிப்பு அடங்கியது.

"ஆமா," என்றார் ஆப்ரி.

"அடக்கத்தன்னிக்கு அவரை விருந்தாளின்னீங்க. இப்ப இவங்க முன்னால சொல்லுங்க. அவர் விருந்தாளியா?"

ஆப்ரி பேன்ட்டில் ஒட்டிய சேற்றைப் பார்த்தார். சுரண்டினார். லொரெட்டா காதில் மாட்டியிருந்த கருவியைத் திருகினாள்.

"விருந்தாளியைத் தண்ணியில எறக்குவோமாம்மா?" என்றார் கடைசியில். "ஊர்க்காரனைத்தான் எறக்குவோம்."

லொரெட்டா மூச்சு விட்டாள். போதகர் 'ஆமென்' மாதிரி ஏதோ முணுமுணுத்தார். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அது மன்னிப்பா, தப்பித்துக்கொள்ள ஒரு புது வழியா என்று பிரிட்டாவுக்குப் பிடிபடவில்லை. அப்படியென்றால் அப்பா ஊர்க்காரர் ஆனது அந்த ஓடையில்தான். ஆன கையோடு போயும்விட்டார். அவள் கையை நீட்டவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஊர் எட்டாம் கல்லை நோக்கி எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக வெளியேறியது. பேன்ட்டை எடுத்து வரத் தெருவைக் கடக்கக் கிளம்பியவளை ஹிலரி நிறுத்தினாள். கையில் வாளியும் துணியும்.

"போன வருஷம் வியாழக்கிழமை வரேன்னார் உங்கப்பா," என்றாள் ஹிலரி. "சீமைச் சீரகம் போட்ட கேக் பிடிக்கும்னு சொல்லியிருந்தார், செஞ்சு வச்சிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் இந்த ரூம்லதான் உக்காந்திருந்தேன். அவர் ஆஸ்பத்திரியில இருக்கறது எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிஞ்சுது."

பிரிட்டா கம்பளத்தைப் பார்த்தாள். மேசைக்குப் பக்கத்தில் தன் பூட்ஸ் தடம் தனியாகத் தெரிந்தது, மற்றதெல்லாம்விட ஆழமாக. ஹிலரி அதன் முன்னால்தான் மண்டியிட்டாள்.

"நான் துடைக்கறேன்," என்றாள் பிரிட்டா.

"வேண்டாம். நீங்க போய்ச் சுத்தி முடிங்க. பாதியில விட்டா உங்கப்பாவுக்குப் பிடிக்காது."

தெருவைக் கடந்து டிக்கியைத் திறந்தாள். காகிதப் பை. உள்ளே கடுகு நிறக் கார்டுராய். அதில் மடிப்பு நிற்காது என்பார்கள். நின்றிருந்தது. ஒரு கால் நேராக, அவள் சரியாக இழுத்துப் பிடிக்காத மற்றொரு கால் லேசாகக் கோணலாக.

வீட்டோரமாக நீண்டிருந்த கண்ணாடி அறை ஜன்னலில் ஆப்ரி தெரிந்தார். அவளையும் பையையும் பார்த்துவிட்டார். என்ன பை அது என்று அவருக்குப் புரிந்தது. கை பாதி உயர்ந்து, வாங்கிக்கொள்வது மாதிரி நின்றது.

அப்பா சொன்னது வியாழக்கிழமை. ஹிலரியிடம் கொடுப்பதாகத்தான் சொன்னார். இன்றைக்கு ஞாயிறுதான்.

பையை உள்ளேயே வைத்து அவள் டிக்கியைச் சாத்தினாள்.